வீஆரில் கையால் எடுத்துப் பார்த்து வாங்கலாமா? யாழ்ப்பாணத்துச் சிறு கடைக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணம் நகரில் சேலை, கவரிங் நகை, பித்தளைச் சாமான், பனையோலைக் கைப்பணி எல்லாம் வைத்திருக்கும் சின்னக் கடை எங்களுடையது. பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஓடர் எடுத்து, சாமான் கைக்குப் போனதும் காசு என்ற முறையில் அனுப்புகிறோம். 'படத்தில் பெரிதாகத் தெரிந்தது, கையில் எடுத்தால் சின்னதாக இருக்கிறது' என்று பார்சலைத் திருப்பி விடுகிறார்கள். கூரியர் காசு எங்கள் தலையில். வீஆரில் கையாலேயே எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு கடை செய்தால் இது குறையுமா? கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் அப்படி விற்கலாமா?"

குறையும். ஓலைச் சாமானுக்கும் பித்தளைக்கும் நன்றாகவே குறையும். நகைக்குக் கொஞ்சம் குறையும். சேலைக்குக் குறையாது. வீஆர் என்பது ஹெட்செட் என்ற கருவியைத் தலையில் மாட்டி, கண் முன்னே தெரியும் மெய்நிகர் உலகைப் பார்ப்பது. காரணத்தைச் சொல்வதற்கு முதல் ஒரு வேண்டுகோள்: கடை கட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாசல், அலுமாரி, காசு மேசை எல்லாம் வைத்து ஒரு மெய்நிகர் கடைக்குள் ஆளை நடக்கவிடுவதால் உங்களுக்கு ஒரு சதமும் மிஞ்சாது. பொருளை அவருடைய கையில் கொடுங்கள், அது போதும்.

கடை கட்டிப் பார்த்த பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். 2016 மே மாதம் ஆஸ்திரேலியாவில் இணைய விற்பனைத் தளமான ஈபேயும் மையர் என்ற பெரிய கடை நிறுவனமும் சேர்ந்து ஒரு வீஆர் கடை திறந்தன. 12,000க்கு மேற்பட்ட பொருட்கள். அட்டைக் கண்ணாடிக்குள் போனைச் செருகிக்கொண்டு, ஒரு பொருளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அது தெரிவாகும். அதே ஆண்டு நவம்பரில் சீனாவில் அலிபாபா 'பை பிளஸ்' என்ற வீஆர் கடையைக் கொண்டுவந்தது. தலையை ஆட்டினால் பணம் கட்டுப்படும் முறையைக்கூட அவர்கள் காட்டினார்கள். காசும் ஆட்களும் குறைவில்லாத நிறுவனங்கள், ஆனாலும் இரண்டும் சனங்களின் வழக்கமாகவில்லை. போனைச் செருகிப் பார்த்தவருக்கு அங்கே கண்ணும் கழுத்தும்தான் வேலை செய்தன, கை சும்மா இருந்தது. கை சும்மா இருக்கிற கடையில் பெரிய படம் ஒன்றைப் பார்த்ததற்கு மேல் என்ன கிடைக்கும்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் சுளகு வாங்கும் ஒரு அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். எடுத்தவுடன் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். விளிம்பில் உள்ள கட்டினை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்றுப் போவார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, அரிசி புடைக்கிற மாதிரி வெறுஞ் சுளகை இரண்டு தரம் அசைப்பார். ஒவ்வொரு அசைவும் ஒவ்வொரு கேள்வி. அடிப்பக்கப் பின்னல் ஒழுங்கா? கட்டு இறுக்கமா? என் கைக்கு அகலம் சரியா? பாரம் எப்படி? நாலு கேள்விக்கும் பேஸ்புக் படத்தில் பதில் இல்லை. அதனால்தான் பதில் தெரிந்துகொள்ள உங்கள் பார்சலை உடைத்துப் பார்க்கிறார்கள்.

வீஆரில் கையைக் கொண்டுவந்தால் இதில் முதலும் மூன்றாவதும் தீர்ந்துவிடும். புரட்டிப் பார்க்கலாம். அளவு உண்மையான அளவாகவே தெரியும், ஏனென்றால் ஹெட்செட்டுக்குள் பொருள் ஒன்றுக்கு ஒன்று அளவில் நிற்கிறது, பக்கத்தில் அவருடைய சொந்தக் கையும் நிற்கிறது. பூவை முழத்தில் அளந்து வாங்கிப் பழகிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. '28 சென்ரிமீற்றர்' என்று எழுதினால் வாசித்துவிட்டுப் போவார்கள். தன் கைக்குப் பக்கத்தில் பார்த்தால் விளங்கிவிடும். விளிம்புக் கட்டின் இறுக்கத்தைப் பாதி காட்டலாம். பாரத்தை நேரடியாகக் காட்ட முடியாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கையால் தொடுவது விற்பனையில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. 2009இல் ஜோன் பெக், சுசான் ஷூ என்ற இருவர், ஒரு பொருளைத் தொட்டாலே 'இது என்னுடையது' என்ற உணர்வு கூடுகிறது என்று காட்டினார்கள். 2022இல் பெக் உட்பட நால்வர் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. திரையிலோ வீஆரிலோ ஒரு கை பொருளைத் தொடுவதைப் பார்த்தாலே, பார்க்கிறவருக்கு அந்த உரிமை உணர்வும் பொருளுக்குக் கொடுக்கும் மதிப்பும் கூடுகின்றன என்பது அதன் முடிவு. தோலில் எதுவும் படாமலே இது நடக்கிறது. அந்தக் கையைத் தன் கைபோல எவ்வளவு உணர்கிறாரோ, அவ்வளவுக்கு இது வேலை செய்யும்.

அதனால்தான் கையின் தோற்றத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். ஆயத்தமாகக் கிடைக்கும் பல வீஆர் கைகள் சாம்பல் நிறத்தில், அல்லது வெள்ளைக்கார ஆணின் கை மாதிரி இருக்கின்றன. 2017இல் வந்த ஒரு ஆய்வில், ஆணின் கை காட்டப்பட்ட பெண்களுக்கு 'நான் அங்கே இருக்கிறேன்' என்ற உணர்வு குறைந்தது. உங்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்றே நினைக்கிறேன். அதைவிட ஒன்று: நகையை எங்கள் ஆட்கள் தனியாகப் பார்ப்பதில்லை, தோலில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மாநிறக் கையில் அந்தக் கவரிங் மஞ்சள் எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வியே. சாம்பல் நிறக் கையில் காப்பை மாட்டிக் காட்டினால் அந்தக் கேள்விக்குப் பொய்ப் பதில் கொடுத்ததாகிவிடும். தோல் நிறத்தை வாங்குகிறவரே தெரிவுசெய்ய விடுங்கள். மென்பொருளில் இது சின்ன வேலை.

சரி, கையை எப்படிக் கொண்டுவருவது? 2019 டிசம்பரில் ஒக்குலஸ் குவெஸ்ட் என்ற ஹெட்செட்டுக்கு வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பால், கைப்பிடிக் கருவி இல்லாமல் வெறுங்கையையே ஹெட்செட் பார்த்துப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. ஹெட்செட்டின் வெளிப்பக்கக் கமராக்கள் கையைப் படம் பிடிக்கும், பயிற்றப்பட்ட நிரல் மூட்டுகள் எங்கே என்று கணிக்கும். இணைய உலாவிக்குள் இயங்கும் வெப்எக்ஸ்ஆர் முறையில் ஒரு கைக்கு 25 மூட்டுப் புள்ளிகள். கமராவுக்குத் தெரியாத விரலை அது ஊகிக்கும், ஊகம் பிழைக்கும். ஒரு கையின் மேல் மறு கை வந்தால் தடுமாறும். வெளிச்சம் குறைந்தாலும் தடுமாறும், ஆகவே மின்குமிழ் ஒன்று மங்கலாக எரியும் அறையில் இரவு செய்துகாட்டி ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

துல்லியம் எவ்வளவு? குவெஸ்ட் 2 ஹெட்செட்டைச் சோதித்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில் விரல்நுனியின் சராசரிப் பிழை 1.1 சென்ரிமீற்றர், தாமதம் 45 மில்லிவிநாடி. சுளகைப் புரட்ட இது தாராளம். காப்பின் அளவு பார்க்க இது உதவவே உதவாது. நீங்கள் விற்கும் 2-4 என்ற அளவுக் காப்பின் உள்விட்டம் 57 மில்லிமீற்றர் அளவு, 2-6 காப்பினது 60 மில்லிமீற்றர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீற்றர்தான். ஒரு சென்ரிமீற்றர் பிழைக்கிற கண்ணால் மூன்று மில்லிமீற்றரைப் பிடிக்க முடியாது. 'உங்கள் கைக்கு எந்தக் காப்பு சரி என்று வீஆர் சொல்லும்' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய காப்பின் உள்விட்டத்தை அளவுகோலால் அளந்து அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் இன்றைக்கும் சரியான வழி. வீஆர் காட்டக்கூடியது வேறு: காப்பின் தடிப்பு, வேலைப்பாடு, கையில் நாலு காப்பு அடுக்கினால் எடுப்பாக இருக்குமா என்பது. நகைக்குக் 'கொஞ்சம்' என்று நான் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

பொருளை எடுக்கும் சைகைக்கு வருவோம். பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் கிள்ளலை வையுங்கள். அந்த இரண்டு நுனியும் சேர்வது கமராவுக்கு நன்றாகத் தெரியும். அதைவிட முக்கியம், சேரும்போது தன் விரலே தன் விரலில் படுகிறது. வீஆரில் தோலுக்குக் கிடைக்கும் ஒரே உண்மையான தொடுகை அதுதான், அதை வீணாக்கக் கூடாது. காப்பு, தோடு, சங்கிலி எல்லாம் உண்மையிலும் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன, ஆகவே சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

மூக்குப்பேணி, அதாவது மூக்கு வைத்த பித்தளைக் குவளை, வேறு கதை. அதை யாரும் கிள்ளி எடுப்பதில்லை. வயிற்றுப் பக்கத்தைக் கை முழுதாலும் பொத்திப் பிடித்து, மூக்கைத் தன் பக்கம் திருப்பி, அண்ணாந்து வாயில் படாமல் ஊற்றுகிற பாவனையில் சரிப்பார்கள். ஊரில் வளர்ந்த எவர் கையில் கொடுத்தாலும் இதைச் செய்துதான் பார்ப்பார். பொத்திப் பிடிக்கும்போது விரல்கள் உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும், கமரா ஊகிக்கத் தொடங்கும், பேணிக்குள் விரல் புகுந்து நிற்கும். அப்படி ஒரு தரம் நடந்தால் அந்தக் கை தன்னுடையதல்ல என்று மனம் சொல்லிவிடும். பேணியை விரல் நெருங்கியவுடன், முன்கூட்டியே வடிவமைத்து வைத்த ஒரு பிடிக்குக் கை தானாகப் போய் அமர்கிற மாதிரிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த இடத்தில் எப்படிப் பிடிப்பார்கள் என்று முடிவெடுப்பது நிரல் எழுதுகிறவரின் வேலை அல்ல, உங்கள் வேலை. உங்கள் கடையில் நிற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், எந்தச் சாமானைச் சனங்கள் எங்கே பிடித்துத் தூக்குகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கை நீட்டிக்கொண்டே இருக்க வைக்காதீர்கள். தோளுயரத்தில் ஒரு நிமிடம் கையைப் பிடித்தால் யாருக்கும் உளையும். நல்ல துணிக்கடையில் ஆளை அலுமாரிக்கு அலுமாரி நடக்கவிடுவார்களா? இருத்தி வைத்து, அவர் முன்னால் மேசையில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார்கள். வீஆரிலும் அதைத்தான் செய்ய வேண்டும்: ஆள் கதிரையில் இருக்கட்டும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும், பொருள் மடிக்கு மேலே வரட்டும்.

பாரத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. கை பத்து அங்குலம் உயரும்போது பொருளை எட்டு அங்குலம் மட்டும் உயர்த்திக் காட்டினால், அது பாரமானது என்று மனம் எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகளாக ஆராய்ச்சியில் இருக்கும் விஷயம், வேலையும் செய்கிறது. குத்துவிளக்குக்கும் ஓலைப்பெட்டிக்கும் இடையில் வித்தியாசம் தெரிய இதை அளவாகப் பாவிக்கலாம். நகைக்குப் பாவிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்கு நகையின் பாரம் என்பது பவுண் கணக்கு, காசுக் கணக்கு. கவரிங்கை நல்ல பாரமாக உணரவைத்து விற்றால் அது ஏமாற்று. பார்சல் உடைத்த அன்றே உங்கள் பெயர் போய்விடும்.

இனிச் சேலை. துணியின் கேள்விகள் எல்லாம் தோலில்தான் இருக்கின்றன: வழுவழுப்பு, மொறமொறப்பு, கசக்கினால் மடிப்பு நிற்குமா, கொய்யகம் பிடித்தால் ஒழுங்காக விழுமா. இப்போது கடைகளில் கிடைக்கும் எந்த ஹெட்செட்டும் இதைக் கைக்குக் கொடுக்காது. கரையையும் முந்தானையையும் பெரிதாகக் காட்டலாம், அதை ஒரு நல்ல படமே செய்துவிடும். நிறத்திலும் திரைக்குத் திரை வித்தியாசம் வரும். சேலைக்கு நான் சொல்லும் வழி மலிவானது: பகல் வெளிச்சத்தில் உங்கள் கடைப் பிள்ளையின் கையைப் படம்பிடியுங்கள். அந்தக் கை துணியைக் கசக்கட்டும், விடட்டும், விரல் ஒன்றைத் துணிக்குப் பின்னால் வைத்து எவ்வளவு ஊடுதெரிகிறது என்று காட்டட்டும், இரண்டு கொய்யகம் பிடிக்கட்டும். பதினைந்து விநாடி வீடியோ. மேலே சொன்ன 2022 ஆய்வின் பலன் இதிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும், ஏனென்றால் அங்கேயும் பார்த்தது இன்னொரு கையைத்தான். இப்போது எத்தனையோ கடைகள் பொம்மையில் சேலையைச் சுற்றி, கையே தெரியாமல் படம் போடுகின்றன. அது எனக்கு உண்மையில் கவலையான விஷயம், இவ்வளவு நல்ல துணியை ஏன் சுவரொட்டி மாதிரிக் காட்டுகிறார்கள்?

ஹெட்செட் வாங்குவதா என்ற கேள்வியும் இருக்கும். குவெஸ்ட் 3எஸ் 2024 ஒக்ரோபரில் 299 அமெரிக்க டொலருக்கு வந்தது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே வரிக்கும் அனுப்புச் செலவுக்கும் முன் கிட்டத்தட்ட 90,000 ரூபாய். நீங்கள் ஒன்று வாங்கலாம், வாங்குகிறவர் யார் வீட்டில் வைத்திருக்கிறார்? நெல்லியடியில் இருந்து ஓடர் போடுகிறவரிடம் இருப்பது போன்தான். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளிடம் விளையாட ஒரு ஹெட்செட் இருக்கக்கூடும், ஆனால் சாமான் வாங்குகிற பெரியம்மா அதைப் போட்டதே இருக்காது.

ஆகவே போனில் தொடங்குங்கள். பொருளின் முப்பரிமாண மாதிரியை இணையப் பக்கத்தில் வைத்தால், விரலால் திருப்பிப் பார்க்கலாம். இன்றைய போன்கள் பலவற்றில் அதை அவர்கள் வீட்டு மேசையிலேயே உண்மை அளவில் நிறுத்தியும் பார்க்கலாம். கூகுள் தரும் 'மொடல் வியூவர்' என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். அன்ட்ரொயிட்டுக்கு ஜிஎல்பி கோப்பு, ஐபோனுக்கு யூஎஸ்டிஇசட் கோப்பு. கோப்பு பாரமானால் டேட்டா போட்டுப் பார்க்கிறவர் திறக்கும் முன்பே மூடிவிடுவார், ஐந்து எம்பிக்குள் வையுங்கள். மோதிரம், காப்புக்குப் போன் கமரா முன் கையை நீட்ட, கையின் மேலேயே நகை தெரிகிற மாதிரியும் செய்யலாம். கூகுளின் மீடியாபைப் நிரல் சாதாரணப் போன் கமராவிலேயே ஒரு கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. ஒரு கை போனைப் பிடித்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது, மற்றக் கையால் மட்டும் எல்லாம் முடிய வேண்டும். ஓலைக் கைப்பையைக் காட்டும்போது கைப்பிடி வலப்பக்கம் இருக்கட்டும். குவளையின் பிடி வலக்கைக்காரருக்கு வலப்பக்கமாகத் தெரிந்தால் வாங்கும் எண்ணம் கூடுகிறது என்று 2012இல் எல்டர், கிருஷ்ணா என்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். செலவில்லாத வேலை.

இதே மாதிரிகளைப் பிறகு ஹெட்செட்டிலும் பாவிக்கலாம், திரும்பச் செய்யத் தேவையில்லை. வெளிநாட்டு விற்பனைக்கு ஹெட்செட் உண்மையாக உதவும் இடம் ஒன்று எனக்குத் தெரிகிறது: இரண்டு பேர் ஒரே நேரம் ஒரு பொருளைப் பார்ப்பது. எங்கள் வீடுகளில் கலியாணச் சாமான் யாரும் தனியாக வாங்குவதில்லை. இங்கே உங்கள் கடைப் பிள்ளை குத்துவிளக்கை எடுத்து நீட்ட, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மாமி அதை வாங்கிப் புரட்டி அடித்தளத்தைப் பார்த்து, 'இதைவிட ஒரு சாண் உயரமானது இருக்கா?' என்று கையாலேயே உயரம் காட்டிக் கேட்பது. வட்ஸ்அப் வீடியோவில் அந்தச் சாணைக் காட்ட வழியில்லை. கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் உங்கள் மாலை அவர்களுக்குக் காலை, நேரம் பேசி வைத்துக்கொண்டால் சரி.

அந்த மாமி கதைக்கும்போது கை சும்மா இருக்காது. எங்கள் ஆட்கள் எல்லாரும் கையை ஆட்டித்தான் கதைப்போம், அதில் பெருவிரலும் சுட்டுவிரலும் எத்தனையோ தரம் சேரும். கிள்ளினால் கூடைக்குள் போகும் என்று வைத்தால் தேவையில்லாததெல்லாம் ஓடராகிவிடும். பொருளை எடுப்பதற்குக் கிள்ளல், வாங்குவதற்கு வேறொன்று: மேசையில் கிடக்கும் ஒரு பொத்தானை அழுத்தி, பிறகு விலையைப் பார்த்து 'ஓம்' என்று இன்னொரு தரம் அழுத்துவது. கொஞ்சம் மெதுவாக இருக்கட்டும்.

முப்பரிமாண மாதிரி செய்ய ஆள் தேடி அலைய வேண்டாம். ஓலைப்பெட்டி, கடகம், சுளகு மாதிரிப் பளபளப்பில்லாத, பின்னல் தெரிகிற பொருட்கள் போன் படத்தில் இருந்தே அருமையாக முப்பரிமாணம் ஆகும். சுற்றிச் சுற்றிச் சில பத்துப் படம், வெயில் நேரடியாகப் படாத விறாந்தை, அவ்வளவுதான். பித்தளையும் கவரிங்கும் அப்படி வராது. மினுக்கம் கமராவோடு சேர்ந்து நகர்வதால் மென்பொருள் குழம்பி, ஓட்டை விழுந்த பேணியைத் தரும். அவற்றைக் கணினியில் வரையத்தான் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான மாணவர்களுக்கோ கிளிநொச்சியில் இருக்கும் அதன் பொறியியல் பீட மாணவர்களுக்கோ இது நல்ல இறுதியாண்டுத் திட்டம். பொருளும் கேள்வியும் உங்களிடம் இருக்கின்றன, போய்க் கேளுங்கள்.

முதலில் ஓலைச் சாமானில் அதிகம் திரும்பி வருகிற சிலவற்றை மட்டும் செய்யுங்கள். மற்றவற்றைப் பழையபடி படத்தில் விடுங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலிலும் காரணத்தை எழுதி வையுங்கள்: அளவா, நிறமா, வேலைப்பாடா, காசில்லையா. மாதிரி போட்ட பொருட்களில் 'அளவு' என்ற காரணம் குறைந்தால் அடுத்ததற்குப் போகலாம். 'நல்லா இருக்கு, புதுசா இருக்கு' என்று வரும் கொமென்ட்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படம் எடுக்கும்போது ஒரு விஷயம் தவறவே கூடாது. போன் படங்களில் இருந்து செய்யும் மாதிரிக்குத் தன் உண்மை அளவு தெரியாது. பெரிய கடகமா சின்ன நீற்றுப்பெட்டியா என்று அதற்கு வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை வைத்தே படம் எடுங்கள், மாதிரி தயாரானதும் அந்த அடிமட்டத்தின் 30 சென்ரிமீற்றர் கணினியிலும் 30 சென்ரிமீற்றராக வருகிறதா என்று பார்த்து அளவைப் பூட்டுங்கள், பிறகு அடிமட்டத்தை வெட்டி எடுத்துவிடலாம்.